ஜெலிண்டோ தைத்த மெத்தைச் சீட்டு

புதன்கிழமை மத்தியானம், சோளக்களியில் கரண்டியை நட்டு வைத்துவிட்டு நீவெஸ் புருஷனிடம் சொன்னாள்:

"இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நானும் உன்கூட மலைக்கு வர்றேன்."

ஜெலிண்டோவின் தொண்டையில் களி அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அரை டம்ளர் ஒயினை ஊற்றித்தான் அதை உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"எந்த மலைக்கு?"

"எத்தனை மலை இருக்கு? நீ வாராவாரம் ஏறுற மலைதான். கிராப்பா."

"சைக்கிள்லயா?"

"பின்ன, பல்லக்குலயா?"

ஜெலிண்டோவுக்கு வியர்த்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மலையை நினைத்து அவருக்கு நிஜமாக வியர்த்தது அன்றைக்குத்தான்.

விஷயத்தை மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெலிண்டோ புறப்படுகிற அழகைப் பார்க்க வேண்டும். இறுக்கமான பனியன், கறுப்பு டவுசர், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. போருக்குப் போகிறவன்கூட அத்தனை சாமான் கொண்டு போகமாட்டான். பன்னிரண்டு மணிக்குத் தெப்பலாக நனைந்து திரும்பி வருவார். "இன்னிக்கு மேல காத்து, அப்பப்பா!" என்பார். ஊரில் அவருக்கு 'மலைக்காரர்' என்றே பெயர்.

ஆனால் மலைக்காரர் ஏறினது முதல் வளைவு வரைக்கும்தான். அங்கே ஓல்வியோ என்பவருடைய சாப்பாட்டுக்கடை இருக்கிறது. முதல் வருஷம், பாவம், ஆசையாக மூன்றாவது கிலோமீட்டர் வரை போய்ப் பார்த்தார். மீதி பதினாறு கிலோமீட்டரும் வானத்தைப் பார்த்து நின்றன. புத்தியுள்ள மனுஷன், திரும்பிவிட்டார். அன்று முதல் ஓல்வியோ கடையில் ஒரு தட்டு நிறைய சலாமிப் பன்றிக்கறித் துண்டுகள், ஒரு கூஜா சிவப்பு ஒயின், நாலு கை சீட்டாட்டம். பதினொன்றரைக்குக் கடைக்குப் பின்னாலிருக்கும் குழாயில் தலையையும் பனியனையும் நனைத்துக்கொண்டால் வியர்வை தயார். வாரத்தில் ஆறு நாள் சைக்கிள் சீட்டு, ஏழாவது நாள் ஆடுகிற சீட்டு என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது அவர் வாழ்க்கை.

சைக்கிள் சீட்டு என்றது அவர் தொழிலை. இத்தாலியின் வெனெத்தோ வட்டாரத்தில் அந்த ஊர் முழுக்க சைக்கிள் சீட்டு செய்கிற ஊர். தைக்காத வீடில்லை, ஒட்டாத கையில்லை. தெருவில் எந்தச் சைக்கிள் நின்றாலும், கடந்து போகிறவர்கள் சீட்டின் மேல் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் போவார்கள். பூசைக்கு நேரமாகிவிட்டாலும் பாதிரியார் அழுத்தாமல் போகமாட்டார். ஜெலிண்டோ அந்தத் தொழிலில் முப்பத்தாறு வருஷம் இருந்து, மூன்று வாரம் முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். அந்த மூன்று வாரத்தில் நீவெஸின் அலமாரியை இரண்டு தடவை அடுக்கி, துணி மடிப்பது எப்படி என்று அவளுக்கு மூன்று தடவை பாடம் நடத்தியிருந்தார்.

"உனக்கு எதுக்கு நீவெஸ் இந்த வம்பு? மலைன்னா சும்மாவா? பத்தொன்பது கிலோமீட்டர். எனக்கே சில நாள் மூச்சு வாங்கும்."

"சில நாள்தானா?"

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். சைக்கிள் வாங்கியாச்சு. பக்கத்து வீட்டு க்ளேலியா இருக்காளே, அவ நாத்தனார் ஓட்டினது. நல்ல வண்டி, இறகு மாதிரி இருக்கு. சீட்டுதான் சரியில்ல. உக்காந்தா உயிர் போகுது. அது ஆம்பளைக்குச் செஞ்சது."

"எல்லா சீட்டும் ஒண்ணுதான்."

நீவெஸ் கரண்டியைக் களியிலிருந்து பிடுங்கினாள்.

"யோவ், முப்பத்தாறு வருஷம் சீட்டு செஞ்ச மனுஷன் பேசுற பேச்சா இது? எத்தனை சீட்டு செஞ்சிருப்ப?"

"இருக்கும், ரெண்டு லட்சம்."

"அதுல பொண்டாட்டிக்கு எத்தனை?"

ஜெலிண்டோ களியைப் பார்த்தார். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பொம்பளைங்க சீட்டுன்னு உங்க பட்டறையில செஞ்சீங்களே, அது என்ன? ஆம்பளை சீட்டுக்கு ரோஸ் கலர் அடிச்சீங்க. ஒரு பூ போட்டீங்க. பூ மேல உக்காந்தா வலிக்காதுன்னு எந்த மகான் சொன்னான்?"

சரியான கேள்வி. ஆனால் ஜெலிண்டோவின் மூளை அப்போது வேறு வேலையில் இருந்தது. இவள் கூட வந்தால் முதல் வளைவில் ஓல்வியோ "என்னய்யா, இன்னிக்கு லேட்டு?" என்று கத்துவான். இருபத்திரண்டு வருஷத்து மானம் ஒரே சத்தத்தில் கப்பலேறிவிடும். இவளை வராதே என்றால் கட்டாயம் வருவாள். வந்து, அவளாகவே பாதியில் வேண்டாம் என்று திரும்ப வேண்டும். முதல் வளைவுக்கு முன்னாலேயே திரும்பினால் இன்னும் உத்தமம்.

பளிச்சென்று பல்ப் எரிந்தது.

"நீவெஸ், உனக்கு நான் செஞ்சு தர்றேன். என் கையால. உன் அளவுக்கு. அப்படியே மெத்தை மாதிரி!"

"நெஜமாவா?"

"டவுசரும் நானே வாங்கித் தர்றேன்."

நீவெஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தட்டில் இன்னொரு கரண்டி களி போட்டாள். எமகாதகன்! சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

சீட்டுத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. வெளியூர்க்காரன் கடைக்கு வந்தால் சீட்டை அமுக்கிப் பார்ப்பான். மெத்தென்று இருந்தால் "ஆஹா" என்று வாங்கிக்கொண்டு போவான். அவனைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உட்காருகிற எலும்பு இரண்டுக்கும் அடியில் கெட்டியாக ஏதாவது தாங்க வேண்டும். மெத்தையானால் எலும்பு அமிழும், நடுவில் மெத்தை பிதுங்கி வரும். பிதுங்கினது படக்கூடாத இடத்தில் படும். பத்து நிமிஷம் சொர்க்கம், அரை மணியில் நரகம். பெண்களுக்கு எலும்பு இடைவெளி அதிகம் என்பதால் சீட்டின் அகலம் ஒரு விரல் குறைந்தாலும் போச்சு. இதெல்லாம் ஜெலிண்டோவுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் தலைகீழாகச் செய்ய முடிந்தது.

அன்று சாயங்காலமே அளவெடுத்தார். மடிப்பு மடிப்பாக இருக்குமே, அந்த அட்டைப்பெட்டி அட்டை, அதில் ஒரு துண்டை மாடிப்படியில் போட்டு நீவெஸை உட்காரச் சொன்னார்.

"முட்டியைத் தூக்கு. இன்னும் தூக்கு. அழுத்தி உக்காரு."

"அழுத்தித்தான்யா உக்காந்திருக்கேன். இதுக்கு மேல அழுத்தினா படி இறங்கிடும்."

எழுந்ததும் அட்டையில் இரண்டு பள்ளம். இந்தப் பள்ளத்துக்கும் அந்தப் பள்ளத்துக்கும் பதினாலு சென்டிமீட்டர்.

"எவ்ளோ?"

"பதிமூணு," என்றார் ஜெலிண்டோ, கூசாமல்.

அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

மூன்று நாள் வேலை. அடிப்பலகையை ஒரு விரல் குறுக்கினார். மேலே ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ஜெல், அதற்கும் மேல் இன்னொரு ஸ்பாஞ்சு. அத்தனையையும் மூடி மேலே அருமையான தேன் நிறத் தோல். அங்கேதான் சிக்கல். வேண்டுமென்றே கோணலாகத் தைக்கலாம் என்று பார்த்தால் கை கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷத்துக் கை. ஒரு தையல் கோணினால் அதுவே பிரித்து அதுவே நேராகப் போட்டது. உள்ளே அத்தனையும் அயோக்கியத்தனம், வெளியே அத்தனையும் அற்புதம். முடித்துவிட்டுத் தூக்கிப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது.

டவுசரும் வாங்கினார். தேடித்தேடி, நடுவில் கயிறு மாதிரி தடித்த தையல் ஓடுகிற ஆண்கள் டவுசராகப் பார்த்து வாங்கினார். நீவெஸ் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ளாற திண்டு வச்சுத் தச்சிருக்கே. இதுக்கு உள்ள ஜட்டி போடணுமா, வேண்டாமா?"

போடவே கூடாது. சைக்கிள் டவுசருக்கு அது பாலபாடம். உள்ளே இன்னொரு தையல் இருந்தால் அது ரம்பமாக அறுக்கும். ஜெலிண்டோ நெஞ்சை நிமிர்த்தினார்.

"போடாம? நாம என்ன மானம் மரியாதை இல்லாத குடும்பமா?"

"நீ சொன்னா சரி," என்றாள் நீவெஸ்.

'நீ சொன்னா சரி' என்ற வார்த்தையை முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் கேட்டதேயில்லை. அப்போதாவது உஷாராகியிருக்க வேண்டும். ஆசாமிக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை நீவெஸ் புதுச் சீட்டோடு சைக்கிளை ரொட்டிக்கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். எதிரிலிருந்த காபிக்கடையில் ஜெலிண்டோ கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வழக்கத்தை அவர் சுத்தமாக மறந்து போயிருந்தார்.

முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். கட்டைவிரலை வைத்தார். விரல் கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்து, முழுசாக வந்ததா என்று பார்த்துக்கொண்டார். அடுத்து பாதிரியார். அழுத்தினார், சிலுவை போட்டுக்கொண்டு போனார். அதற்கடுத்து வந்தவள் க்ளேலியா. இருபத்தைந்து வருஷம் பட்டறைத் தையல் பிரிவுக்குத் தலைவியாக இருந்தவள். தையலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. விரலை அமுக்கினாள். மலர்ந்தது சுருங்கியது. மெதுவாகத் தலையைத் தூக்கிக் காபிக்கடைக் கண்ணாடி வழியாக ஜெலிண்டோவை நேராகப் பார்த்தாள்.

ஜெலிண்டோ செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

க்ளேலியா ரொட்டிக்கடைக்குள் போனாள். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நீவெஸ் நேரே காபிக்கடைக்கு வந்தாள்.

"ஜெலிண்டோ, நாளைக்கு மலைக்குப் போறோமில்ல? ரெண்டு சைக்கிளையும் க்ளேலியா வீட்டு முற்றத்துல வச்சுத் துடைச்சு, எண்ணெய் போட்டுக் கொண்டு வர்றேன். நீ வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கு உனக்குத்தான் அலைச்சல்."

"என் சைக்கிளையுமா துடைக்கப் போற?"

"உன்னுதை விட்டுட்டுத் துடைப்பேனா?"

தங்கமான பொம்பளை! ஜெலிண்டோவின் மனசாட்சி உறுத்தியது. கட்டிலில் படுத்துக்கொண்டு நாலு நிமிஷம் உறுத்தலோடு இருந்தார், அப்புறம் தூங்கிவிட்டார். முன்னதாக ஓல்வியோவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னார்: "நாளைக்கு நான் பொண்டாட்டியோட வந்தாலும் வருவேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. நீ யாரோ, நான் யாரோ."

"கவலையே படாதே," என்றார் ஓல்வியோ. "நடிப்புல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். மலையடிவாரம் வரைக்கும் எட்டு கிலோமீட்டர் சமதளம். ஜெலிண்டோ பின்னால் போனார், எப்போது நெளியப் போகிறாள் என்று பார்ப்பதற்காக. ஒரு கிலோமீட்டர். இரண்டு. நீவெஸ் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். நாலு. ஐந்து.

"சீட்டு எப்படி இருக்கு நீவெஸ்?"

"சிம்மாசனம்!"

"டவுசர்?"

"போட்டிருக்கறதே தெரியல."

இதென்ன அநியாயம் என்று ஜெலிண்டோ யோசித்தார். யோசித்துக்கொண்டே கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார். ஏழாவது கிலோமீட்டரில் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தார். வெயில்தான் காரணம் என்று நினைத்தார். வெயில் அந்த இடத்தில் எப்படிப் படும் என்று யோசிக்கவில்லை.

முதல் வளைவு வந்தது. ஓல்வியோ கடை வாசலில் துண்டும் தோளுமாக நின்றுகொண்டிருந்தார். ஜெலிண்டோவைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி மலையே அதிரும்படி கத்தினார்:

"வணக்கம், முன்பின் தெரியாத ஐயா! இதுக்கு முன்னாடி உங்களை நான் பார்த்ததே கிடையாது!"

நீவெஸ் திரும்பினாள். "யாரது?"

"தெரியல," என்றார் ஜெலிண்டோ. "மலையில இப்படி ஆளுங்க இருப்பாங்க."

கடையிலிருந்து சலாமி வாசனை வந்தது. இருபத்தியொரு வருஷம் கழித்து அந்த வாசலைத் தாண்டி சைக்கிள் மேலே ஏறியது. சைக்கிளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

மலையில் மூன்றாவது கிலோமீட்டர் வரைக்கும் தெரிந்த உலகம். அதற்கப்புறம் அவருக்கு ஒன்றும் தெரியாது. அது நீவெஸுக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம்.

"அந்த வளைவுக்கு அப்புறம் எப்படி, ஏத்தமா, சமதளமா?" என்று கேட்டாள்.

"சமதளம்," என்றார் மலைக்காரர், அனுபவஸ்தர் தோரணையில்.

வளைந்தார்கள். ரோடு சுவர் மாதிரி எழுந்து நின்றது.

"புதுசா போட்டிருக்காங்க போல," என்றார் ஜெலிண்டோ.

நீவெஸின் தோள் குலுங்கியது, மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

ஐந்தாவது கிலோமீட்டரில்தான் ஜெலிண்டோவுக்கு ஞானம் பிறந்தது. எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எலும்பு அமிழ்கிறது. நடுவில் ஏதோ பிதுங்கி மேலே வருகிறது. பத்து நிமிஷம் சொர்க்கம், அரை மணியில் நரகம். இந்த வலி அவருக்குத் தெரிந்த வலி. இதை எப்படி வரவழைப்பது என்று அவரே மூன்று நாள் ஷெட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு கையை எடுத்து, தனக்கு அடியில் விட்டு, கட்டைவிரலால் அமுக்கினார்.

விரல் கணு வரைக்கும் உள்ளே போனது.

ஸ்பாஞ்சு. ஜெல். மறுபடியும் ஸ்பாஞ்சு.

"அடிப்பாவி!" என்று வாய்வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினார். என்ன சொல்லிக் கத்துவது? 'உன் சீட்டுல நான் வச்ச விஷத்தை எடுத்து என் சீட்டுல வச்சுட்டியே' என்றா? திருடனைத் தேள் கொட்டினால் அவன் கத்துவானா? ஜெலிண்டோ கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

"என்னய்யா, நெளியற?" நீவெஸ் திரும்பாமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. முட்டி வலிக்குது."

"முட்டி வலிச்சா முட்டியைத்தானே பிடிப்பாங்க?"

"நீ ரோட்டைப் பாரு."

"சரி, எனக்கு இந்த வேகம் பழகிடுச்சு. நான் முன்னாடி போறேன். உனக்குத் தெரியாத பாதையா?"

போயே போய்விட்டாள்.

ஜெலிண்டோ அடுத்த மூன்று கிலோமீட்டரில் பாதி தூரம் நின்றுகொண்டே மிதித்தார், பாதி தூரம் அழுதுகொண்டே மிதித்தார். எட்டாவதில் இறங்கிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு வளைவில் வந்து நின்று மேலே பார்த்தார்.

மூன்று வளைவுக்கு மேலே, வெட்டவெளியில், நீவெஸ் போய்க்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. தள்ளாட்டமில்லை. ஒரே சீராக ஒரு கால், இன்னொரு கால். பக்கத்தில் இரண்டு வாலிபர்கள் நாக்கைத் தள்ளிக்கொண்டு எழுந்து எழுந்து மிதித்தார்கள். அவள் அவர்களைத் தாண்டினாள். தாண்டும்போது ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஒருவன் தலைகுனிந்து கும்பிடாத குறையாக வழிவிட்டான்.

ஜெலிண்டோ வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அம்மாடியோவ், யார் இது!

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். கூடை கட்டிய இரும்புச் சைக்கிள். கூடையில் உருளைக்கிழங்கு. கை விறைக்கிற பனியில், கண் தெரியாத மூடுபனியில், எதிர்க்காற்றில். ஒரு நாள்கூட அவள் வீட்டுக்கு வந்து "காத்து, அப்பப்பா!" என்று சொன்னதில்லை. வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பாள். ஊரில் சைக்கிள்காரர் என்று பேர் வாங்கினது இவர், சைக்கிள் ஓட்டினது அவள். அதையும் எப்பேர்ப்பட்ட சீட்டில்! அந்த இரும்பு வண்டியின் சீட்டை முப்பத்தாறு வருஷச் சீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்ததில்லை. தெருவில் போகிற சைக்கிளையெல்லாம் அழுத்தினவர்.

தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் ஒரு பாறைக்குப் பின்னால் மறையும் வரை அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது, குழாய்த் தண்ணீர் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நீவெஸ் உச்சிக்குப் போய், விடுதியில் காபி குடித்து, கீழே இறங்கி வந்தபோது ஜெலிண்டோ பத்தாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் புல்லில் குப்புறப் படுத்திருந்தார். உட்கார முடிந்தால் உட்கார்ந்திருப்பார்.

அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாவகாசமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். காகிதத்தில் சுற்றின ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து நீட்டினாள்.

"மேலேர்ந்து வாங்கிட்டு வந்தேன். சாப்பிடு."

"நீவெஸ்," என்றார் ஜெலிண்டோ, முகத்தைப் புல்லிலிருந்து எடுக்காமல். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எதை? சீட்டையா? ஊரே விரலை விட்டு ஆட்டிப் பார்த்துச்சேய்யா. க்ளேலியாவும் தையல் பிரிவுப் பொம்பளைங்க நாலு பேரும் சேர்ந்து பிரிச்சாங்க. குப்பையில நீ போட்ட அட்டையை நான் எடுத்து வச்சிருந்தேன். அந்த அளவுக்கு வேற அடி போட்டு, கெட்டியா மேல ஒரு விரல் கனத்துக்குத் திண்டு வச்சு, உன் தோலையே மறுபடி தச்சாங்க. உன் தையலைப் பிரிக்க மனசே வரலன்னு சொன்னா க்ளேலியா. அவ்ளோ அழகாம்."

ஜெலிண்டோவுக்கு அந்த நிலைமையிலும் ஒரு விநாடி பெருமையாக இருந்தது.

"டவுசர்?"

"அதையும் அவதான் புதுசா தச்சுக் கொடுத்தா. நடுவுல தையலே கிடையாது. உள்ள ஒண்ணும் போடக்கூடாதுன்னா. நீதான் என்னமோ மானம் மரியாதைன்னு குதிச்ச."

அவர் எழுந்து முட்டிபோட்டு நின்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது.

"நீவெஸ், நான் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த மலையில நான் ஒரு நாளும்..."

"ஓல்வியோ நல்லா இருக்கானா? பாவம், இன்னிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டு நடிச்சான்."

ஜெலிண்டோ மறுபடி படுத்துவிட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வருஷத்துலேர்ந்து. உன் டவுசரைத் துவைக்கிறவ யாரு? மலை ஏறுறவன் டவுசர் தொடை உரசுற உள்பக்கம் தேயும். உன்னுது உள்பக்கம் கடையில வாங்கின மாதிரியே இருக்கு, பின்பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சு போகுது. மரப்பெஞ்சு தேய்ச்ச தேய்ப்பு. போதாக்குறைக்கு வேர்வையில உப்பே இல்ல, சலாமி எண்ணெய்தான் இருக்கு."

"இருபத்தியொரு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே!"

"கேட்டா நிறுத்திடுவியே. ஞாயித்துக்கிழமை காலைல வீடு எவ்ளோ அமைதியா இருக்கும் தெரியுமா?"

அந்த வார்த்தைகூட அவருக்குக் கோபமூட்டவில்லை. அப்படியொரு பிரமிப்பில் இருந்தார் மனுஷன். மலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். இரண்டில் எது பெரிது என்று தெரியவில்லை. கையை ஊன்றி எழுந்து, தள்ளாடி நின்று, நெஞ்சில் கை வைத்தார்.

"நீவெஸ், இனிமே பொய்யே கிடையாது. ஓல்வியோ கடைப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். நானும் உன்கூட மலை ஏறுவேன். ஞாயித்துக்கிழமை மட்டுமில்ல. நீ செவ்வாய் போனாலும் வருவேன், வியாழன் போனாலும் வருவேன். எனக்குத்தான் இப்போ வேலை இல்லையே! வாரம் பூரா உன் பின்னாடியே!"

நீவெஸ் ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள். தலைக்கவசத்தை மாட்டினாள். சீட்டில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவரைப் பிரியமாகப் பார்த்தாள்.

"ஜெலிண்டோ, அந்த மெத்தையை என் சீட்டுல நீ எதுக்கு வச்ச?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ என்கூட வரக்கூடாதுன்னு."

"நானும் அதுக்குத்தான்யா வச்சேன்," என்று சொல்லிவிட்டு நீவெஸ் பிரேக்கை விட்டாள்.